வீட்டினுள் நடக்கும் அநியாயமும் ஜமாஅத்தின் கடமையும்



எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் சாஆவில் வெள்ளம் புகுந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மழை விடாது பெய்தது. தண்ணீர் வாசற்படியைத் தொட்டது, படியேறியது, கட்டில் காலைத் தொட்டது. அப்பொழுது நாம் என்ன செய்தோம்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். இனமோ மதமோ பாராமல் பிள்ளைகளைத் தோளில் சுமந்தோம். முதியவர்களைக் கைத்தாங்கலாக மேட்டுக்கு அழைத்துச் சென்றோம். அந்த நேரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "பொறுமையாயிரு, தாயே! வீட்டை விட்டு வெளியே வராதே. ஊர் என்ன சொல்லும்?" என்று நம்மில் யாராவது உபதேசம் செய்தோமா? அப்படி ஒருவன் செய்திருந்தால் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றல்லவா சொல்லியிருப்போம்!

ஆனால், சகோதரர்களே, மழையே பெய்யாத நாட்களிலும் சில வீடுகளில் வெள்ளம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அது கோபத்தின் வெள்ளம். அடியின், வசையின், அச்சுறுத்தலின் வெள்ளம். அந்த வீட்டின் நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். அவளிடம் மாத்திரம் நாம், "பொறுமையாயிரு, வெளியே வராதே, ஊர் என்ன சொல்லும்?" என்று சொல்லிவிடுகிறோம். அதனை மார்க்கத்தின் பெயராலும் சொல்லிவிடுகிறோம். இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

இது ஏதோ பிற சமூகத்தார் வீட்டு விவகாரம் என்றோ, படியாதவர் வீட்டுப் பழக்கம் என்றோ எவரும் தட்டிக் கழிக்க வேண்டாம். உலகத்தில் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருத்தி தன் வாழ்நாளில் உடலை வருத்தும் வன்முறைக்கோ மானத்தைக் குலைக்கும் வன்முறைக்கோ ஆளாகிறாள் என்றும், பெரும்பாலும் அதனைச் செய்பவன் அவளுடைய கணவனோ துணைவனோதான் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது. பணக்காரர் வீடு, ஏழை வீடு, தொழுகிறவர் வீடு, தொழாதவர் வீடு என்ற பேதம் இதில் இல்லை. நம் மஹல்லா மட்டும் அதற்கு விலக்காயிருக்கும் என்று எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

முதலில், கொடுமை என்பது யாதென அறிந்துகொள்வோம். கன்னத்தில் விழுந்த அறையும் முதுகில் விழுந்த பிரம்படியும் கொடுமை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கைநீட்டாமலும் கொடுமை செய்யலாம். மனைவியின் சம்பளத்தை ஒரு வெள்ளி மிச்சமின்றிப் பறித்துக்கொண்டு, பிள்ளைக்குப் பால்மாவு வாங்க அவளைக் கெஞ்ச விடுவது கொடுமை. தாய்வீட்டாரோடு பேசக் கூடாதென்று டெலிபோனைப் பிடுங்கி வைப்பது கொடுமை. தமிழ்நாட்டிலிருந்து நிக்காஹ் செய்து அழைத்துவந்த பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்து, "வாயைத் திறந்தால் விசாவை வெட்டி ஊருக்கு ஏற்றிவிடுவேன்" என்று மிரட்டுவது கொடுமை. சோற்றில் உப்புக் குறைந்ததற்கெல்லாம் தலாக் என்ற சொல்லைக் கத்திபோல் எடுத்துக் காட்டுவது கொடுமை. பெற்ற பிள்ளைகளின் முன்னிலையில் நாவால் கூறத்தகாத வசைகளைப் பொழிவதும், வீட்டில் அடைத்துப் பூட்டிவிட்டுப் போவதும், அவளுக்குரிய நகைகளை அவள் சம்மதமின்றி விற்றுத் தின்பதும் கொடுமையே.

"அப்படியானால் கணவன் மனைவிக்குள் சண்டையே வரக்கூடாதா?" என்று ஒருவர் கேட்கலாம். வரும். சட்டி பானை இருக்கும் வீட்டில் ஓசை இருக்கத்தான் செய்யும். சாதாரணச் சண்டையில் இருவரும் பேசுவார்கள்; இருவரும் கோபிப்பார்கள்; இருவரில் ஒருவர் இறங்கி வருவார். யாரும் யாருக்கும் அஞ்சி நடுங்குவதில்லை. கொடுமையிலோ ஒருவர் மாத்திரம் பேசுவார், மற்றவர் அஞ்சுவார். இந்த அச்சமே அடையாளம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தி மூலைக்கு ஓடுகிறார்களா? ஒரு வார்த்தை சொல்லுமுன் அவர் முகத்தைப் பத்துத் தடவை பார்க்க வேண்டியிருக்கிறதா? சகோதரியே, உன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுப் பார். அது கோபக்கார மனிதரோடு வாழும் வாழ்க்கை மட்டும் அன்று. அநியாயத்தின் கீழ் வாழும் வாழ்க்கை.

மற்றோர் அடையாளமும் உண்டு. அடித்த மறுநாள் அவரே அழுவார்; சேலை வாங்கி வருவார்; குர்ஆனின் மீது சத்தியம் செய்வார். வீடு சில நாள் அமைதியாயிருக்கும். பிறகு முகம் கறுக்கும், சொல் தடிக்கும், பழையபடி கை ஓங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அடி சற்றே பலமாகும். வெள்ளமும் இப்படித்தானே, ஓரங்குலம் வடிந்து ஈரங்குலம் ஏறும்! அதிலும், கழுத்தை நெரிப்பது, கத்தியைக் காட்டுவது, "உன்னைக் கொன்றுவிட்டு நானும் செத்துப்போவேன்" என்பது, இவை தண்ணீர் தலைக்கு மேல் வந்துவிட்டதன் அடையாளங்கள். அங்கே நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

சரி, நம் மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது? சிலர் சூரத்துந் நிஸாவின் 34-ஆம் ஆயத்தை மட்டும் நாவில் வைத்துக்கொண்டு, "மனைவியை அடிக்க ஆண்டவனே உத்தரவு தந்திருக்கிறான்" என்று சொல்லித் திரிகிறார்கள். அந்த ஆயத்து எவருடைய நெஞ்சில் இறங்கியதோ அந்த நாயகம் (ஸல்) அவர்கள் அதனை எப்படி விளங்கி நடந்தார்கள் என்று இவர்கள் பார்ப்பதில்லை. அன்னார் தம் வாழ்நாளில் ஒரு பெண்ணையோ ஒரு பணியாளையோ கைதொட்டு அடித்ததே இல்லை என்று அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் சாட்சி சொல்கிறார்கள். தம் மனைவிமார் மீது மனத்தாங்கல் மிகுந்த காலத்தில் அன்னார் இருபத்தொன்பது நாள் ஒதுங்கியிருந்தார்கள். ஒரு விரலையும் உயர்த்தினார்களில்லை. மக்கத்துப் பெரியார் அதாஉ இப்னு அபீரபாஹ் (ரஹ்) அவர்கள், கணவன் தன் மனைவியிடம் கோபம் காட்டலாமேயன்றி அடிக்கலாகாது என்று கூறினார்கள். நாம் பின்பற்றி நடக்கும் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களும் அடிக்காமல் விடுவதே விரும்பத்தக்கது என்று சொன்னார்கள். அதே சூராவில் அதற்கு முன்பே, 19-ஆம் ஆயத்தில், மனைவியரோடு நல்ல முறையில் வாழும்படி ரப்புல் ஆலமீன் ஆணையிடுகின்றான். சூரத்துல் பகராவின் 231-ஆம் ஆயத்தில், பெண்களைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு நிறுத்தி வைக்காதீர்கள் என்று தடுக்கின்றான். ஓர் ஆயத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றை முதுகுக்குப் பின்னால் எறிவது முஸ்லிமின் வேலையா?

நாயகம் (ஸல்) அவர்களின் வாசல் எப்படியிருந்தது என்பதைக் கேளுங்கள். ஒரு நாள் சுபுஹுத் தொழுகைக்காக அன்னார் புறப்படுகிறார்கள். இருள் இன்னும் பிரியவில்லை. வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். யாரென்று விசாரிக்கிறார்கள். அவர் ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி). கணவர் தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களோடு இனித் தம்மால் வாழ இயலாதென்று அப்பெண்மணி முறையிடுகிறார். கணவர் அடித்ததில் அவருக்கு எலும்பு முறிவும் ஏற்பட்டிருந்தது என்று அபூதாவூதின் ஓர் அறிவிப்பில் வருகிறது. அந்தக் கணவர் சாமானியர் அல்லர். அன்சாரிகளின் சிறந்த பேச்சாளர். பிற்காலத்தில் யமாமா யுத்தத்தில் ஷஹீதானவர். அந்த ஸஹாபிப் பெருமகனார் மீது நாம் ஒரு குறையும் பேசவில்லை. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொண்டான். ஆயினும், நாயகம் (ஸல்) அவர்கள் அப்பெண்ணிடம், "உன் கணவர் எத்தகைய மனிதர் தெரியுமா? வீட்டுக்குப் போ" என்றா சொன்னார்கள்? இல்லை. விசாரித்தார்கள், மஹராக வந்ததைத் திருப்பித் தரச் செய்தார்கள், அவரை விடுவித்து அவர் குடும்பத்தாரிடம் சேர்ப்பித்தார்கள். குலா என்ற விடுதலை வழிக்கு இந்தச் சம்பவம் ஆதாரமாய் நிற்கிறது.

இன்னொரு சமயம் பல பெண்கள் நாயகத்தின் வீட்டைச் சூழ்ந்து வந்து தங்கள் கணவன்மார் அடிப்பதைக் குறித்து முறையிட்டார்கள். அன்னார் அந்த முறையீட்டை மூடி மறைக்கவில்லை. அப்படி அடிப்பவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்று எல்லோருக்கும் தெரிய அறிவித்தார்கள். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டபோது, அவர்களுள் ஒருவர் பெண்களை அடிப்பவர் என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொல்லி, வேறொருவரை மணக்க ஆலோசனை கூறினார்கள். இன்று நம்மிடம் ஒருவர் சம்பந்தம் பேச வந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தால் நாம் என்ன செய்கிறோம்? தெரிந்ததை மறைத்து, "தங்கமான பையன்" என்று சொல்லி ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளுகிறோம்! கேட்டால், புறம் பேசக் கூடாதாம்! அநியாயத்துக்கு ஆளானவர் நியாயம் கேட்டு முறையிடுவதும், ஆலோசனை கேட்பவருக்கு உண்மையைச் சொல்லுவதும் புறம் பேசுவதில் சேராது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே, தன் துன்பத்தைச் சொல்லும் பெண் தன் கணவனின் மானத்தை விற்கிறாள் என்று இனி எவரும் சொல்ல வேண்டாம். தன் கணவரைக் குறித்து முறையிட்ட கவ்லா (ரலி) என்ற பெண்மணியின் சொல்லை அல்லாஹ்வே செவியுற்றதாகக் கூறி ஒரு சூராவைத் தொடங்கியிருக்கிறானே! ஆண்டவன் கேட்டதை நாம் கேட்க மறுப்பதா?

இனிப் பொறுமைக்கு வருவோம். பொறுமை ஈமானின் ஒரு பாதி என்று பெரியோர் சொல்வார்கள். நோய் வந்தால் பொறுமை. வறுமை வந்தால் பொறுமை. மய்யித்து விழுந்தால் பொறுமை. அநியாயத்தைத் தடுக்கச் சக்தியும் வழியும் இருக்கையில், தடுக்காமல் இருப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் பதின்மூன்று ஆண்டு பொறுத்தார்கள். அதற்கிடையிலேயே துன்புற்ற தோழர்களை அபிஸீனியாவுக்கு அனுப்பி வைத்தார்கள். பிறகு தாமும் மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். ஹிஜ்ரத் செய்தவர்களைப் பொறுமை இழந்தவர்கள் என்போமா? உயிருக்கும் மானத்துக்கும் பயந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணையும் அப்படியே பாருங்கள்.

சகோதரர்களே, இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று என்னையே நான் கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் இருந்தபோது, ஒரு பெண் தன் உம்மாவோடு என்னிடம் வந்தாள். கணவன் அடிப்பதாக உம்மாதான் சொன்னார், மகள் குனிந்திருந்தாள். நான் கணவனையும் வரவழைத்தேன். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். "அவர் சொல்வது உண்மையா, மகளே?" என்று அவன் முன்னிலையிலேயே கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு நாலு வார்த்தை புத்தி சொன்னேன். அவளுக்குப் பொறுமையைப் பற்றி நாற்பது வார்த்தை சொன்னேன். துஆ ஓதினேன், தேநீர் அருந்திப் பிரிந்தோம். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்தேன் என்ற திருப்தியோடு அன்றிரவு உறங்கினேன். எட்டாம் நாள் அவள் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்கப் போனேன். "ஹஜ்ரத், அன்று அவரை முன்னால் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டீர்களே, நான் என்ன சொல்ல முடியும்? வீட்டுக்குப் போன பிறகு என்னோடு இருக்கப்போவது நீங்களா, அவரா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இன்றும் இல்லை. கியாமத்து நாளில் அதே கேள்வி என்னிடம் கேட்கப்படுமோ என்று அஞ்சுகிறேன். நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதனைச் சபையில் சொல்கிறேன்.

கணவன் மனைவிக்குள் பிளவு வருமென அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக்கும்படி சூரத்துந் நிஸாவின் 35-ஆம் ஆயத்து கூறுகிறது. அது இருவரும் அச்சமின்றிப் பேசக்கூடிய இடத்துக்குரிய அழகிய வழி. ஒருவர் கையில் தடியும் மற்றவர் உடம்பில் தழும்பும் இருக்கும்போது, முதல் வேலை அவளைப் பத்திரமான இடத்தில் சேர்ப்பது. சமாதானப் பேச்சு அதற்குப் பின்புதான். அவளைத் தனியே, ஒரு மூதாட்டியை உடன் வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். சேர்ந்து வாழத்தான் வேண்டும் என்ற முடிவை நாம் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொண்டு விசாரிக்கலாகாது.

உதவி எங்கே கிடைக்கும் என்பதையும் சகோதரிகள் செவ்வையாகக் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நம் மலேசியாவில் 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முஸ்லிம்களுக்கு அது பொருந்துமா என்ற விவாதத்தால் அமலுக்கு வரத் தாமதமாகி, 1996-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம், முஸ்லிமல்லாதார் எல்லோருக்கும் அது பொது. மனைவிக்கு மட்டுமின்றி, முன்னாள் மனைவிக்கும், கணவனுக்கும், பிள்ளைகளுக்கும், வீட்டிலுள்ள பெற்றோருக்கும் அது பாதுகாப்பளிக்கிறது. அடிப்பது மாத்திரமன்று, அச்சுறுத்துவது, அடைத்து வைப்பது, பொருளை நாசப்படுத்துவது, மனத்தை நோகச் செய்வது ஆகியவற்றையும் அச்சட்டம் வன்முறையாகக் கொள்கிறது.

ஆபத்து நேரும் அக்கணத்தில் 999-ஐ அழைக்கலாம். அரசாங்கம் நடத்தும் தாலியான் காசே எனும் உதவிச் சேவையை 15999 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் எழுதிக் கொடுக்கலாம். உடம்பில் காயமிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் சென்று, கணவரால் நேர்ந்தது என்று ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னால் அதுவே ஏட்டில் ஏறிவிடும். நாளை கோர்ட்டில் அந்த ஏடு உனக்கு எதிராக நிற்கும். நமக்குப் பக்கத்தில் சிகாமட் ஆஸ்பத்திரி இருக்கிறது.

போலீஸ் விசாரணை நடக்கும் காலத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். வழக்கு கோர்ட்டுக்கு வந்தபின் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். அது ஓராண்டு வரை செல்லும். 2018-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அவசரப் பாதுகாப்பு உத்தரவு ஒன்றும் வந்திருக்கிறது. இதற்குப் போலீஸ் புகாரும் வேண்டுவதில்லை. சமூகநல இலாகா அதிகாரியே தரக்கூடிய இவ்வுத்தரவு ஏழு நாள் செல்லும். தங்க இடமில்லாதவர்களுக்குப் புகலிடம் தேடித் தரவும் அந்த இலாகா உதவும். பெட்டாலிங் ஜெயாவில் 1982-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் பெண்கள் உதவி இயக்கமும் எல்லா மதத்துப் பெண்களுக்கும் ஆலோசனையும் அடைக்கலமும் தருகிறது.

நிக்காஹ் விஷயத்துக்கு ஷரீஆ கோர்ட்டு இருக்கிறது. ஜொகூர் மாநிலத்தின் 2003-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில், கணவனின் கொடுமை பஸ்குக்கு, அதாவது காதியார் மூலம் நிக்காஹை ரத்துச் செய்வதற்கு, ஒரு காரணமாக ஏற்கப்பட்டிருக்கிறது. கணவன் சம்மதித்தால்தான் விடுதலை என்பது பஸ்கில் கிடையாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்குவோர் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவை அணுகலாம். நம் முன்னோர் பூமியிலும் இப்படியே: இந்தியாவில் 1939-ஆம் ஆண்டிலேயே கொடுமையைக் காரணம் காட்டி முஸ்லிம் பெண் நிக்காஹை ரத்துச் செய்யக் கோரும் சட்டம் வந்தது, 2005-ஆம் ஆண்டு வீட்டு வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் அம்மையார் முஸ்லிம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை அமைத்தார். ஆண்கள் மாத்திரம் கூடும் ஜமாஅத்தில் பெண்களின் முறையீடு கேட்கப்படுவதில்லை என்ற குறையே அதற்குக் காரணமாயிற்று. அதிலே நமக்கு ஒரு படிப்பினை இல்லையா?

சகோதரியே, வெளியேறுவதென்று தீர்மானித்தால், "போகப்போகிறேன்" என்று அவரிடம் சொல்லி எச்சரிக்காதே. பிரிந்து போகும் வேளைதான் பெரும்பாலும் அதிக ஆபத்தான வேளை. அடையாளக் கார்டு, பாஸ்போர்ட், நிக்காஹ் சர்டிபிகேட், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மருந்து, கொஞ்சம் பணம், இவற்றையோ இவற்றின் நகல்களையோ நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே கொடுத்து வை. பாஸ்போர்ட்டை அவர் தர மறுத்தால் அதற்காகத் தங்கிவிடாதே. பிறருடைய பாஸ்போர்ட்டைச் சட்ட அதிகாரமின்றி வைத்திருப்பது இந்நாட்டில் குற்றம் என்பதைப் போலீஸாரிடம் சொல். இந்தியப் பிரஜையாயிருந்தால் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தையும் அணுகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இது உன் குற்றமன்று என்பதை மறவாதே. அடித்தவனின் குற்றத்துக்கு அடிபட்டவள் பொறுப்பாளியல்லள்.

அண்டை அயலாரே! சுவருக்கு அப்பால் அலறல் கேட்டால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டாதீர்கள். கதவைத் தட்டி, கொஞ்சம் சர்க்கரை வேண்டுமென்று கேட்டாலும் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் ஓங்கிய கை தாழும். ஆயுதம் இருப்பதாகத் தெரிந்தால் நீங்கள் நுழையாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள். அப்பெண் உங்களிடம் வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். ஒரு தடவை போய்த் திரும்பவும் அவ்வீட்டுக்கே வந்துவிட்டாளே என்று கைவிடாதீர்கள். பிள்ளைகளும் பணமும் பயமும் அவளைத் திரும்ப இழுத்திருக்கும். மறுபடியும் அவள் தட்டும்போது உங்கள் கதவு திறக்க வேண்டும்.

பெண்ணைப் பெற்ற வாப்பாமாரே, அத்தாமாரே, உம்மாமாரே! "கட்டிக் கொடுத்தாயிற்று, இனி மய்யித்தாகத்தான் அந்த வீட்டை விட்டு வரவேண்டும்" என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து இன்றோடு அப்புறப்படுத்துங்கள். பல பெண்கள் அப்படியே மய்யித்தாக வந்திருக்கிறார்கள். ஹபீபா (ரலி) அவர்கள் தம் குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்றபோது, அக்குடும்பம் வாசலை அடைக்கவில்லை.

அடிக்கும் கையுடைய சகோதரரே! இந்தச் சபையில் நீர் இருக்கக்கூடும். உம்மை அவமானப்படுத்த நான் இங்கே நிற்கவில்லை. அநியாயம் செய்பவனுக்கும் உதவும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எப்படி உதவுவதென்று தோழர்கள் வியந்து கேட்டபோது, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றார்கள். அந்த உதவியை இன்று உமக்குச் செய்கிறேன். முதலாளி திட்டும்போது அடக்க முடிகிற கோபத்தை மனைவியிடம் அடக்க முடியவில்லை என்று சொல்லாதீர். அடக்க முடியும், அவளிடம் அடக்க வேண்டியதில்லை என்று நீர் எண்ணிக்கொண்டிருக்கிறீர், அவ்வளவுதான். தவ்பா செய்யும். தவ்பா என்றால் சேலை வாங்கிக் கொடுப்பதன்று. செய்ததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்வது. அதன் தண்டனையை ஏற்பது. அவள் தன்னிஷ்டப்படி பிரிந்து போனாலும் பின்தொடராமல் விடுவது. மன வைத்தியரின் உதவியையாவது நாடி உம் கையைத் திருத்திக்கொள்வது. அறபாத் மைதானத்தில், ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில், பெருங்கூட்டத்தின் முன் நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளும்படி வஸிய்யத் செய்தார்கள். அந்த அமானிதத்தைக் குறித்து உம்மிடம் கேள்வி உண்டு.

இறுதியாக, ஜமாஅத்துப் பெரியோர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று: நம் பெண்களுள் நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து, முறையீடு கேட்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள், வந்தவளின் பெயர் வெளியே போகக் கூடாது. இரண்டு: 999, 15999 என்ற இரண்டு எண்களையும் பெண்கள் உளூச் செய்யும் இடத்துச் சுவரில் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள், ஆண்கள் பார்வையில் படாமல் அவள் படிக்கக்கூடிய இடம் அதுவே. மூன்று: அடித்தவர் நன்கொடை அதிகம் கொடுப்பவராயிருந்தாலும், நிர்வாகியாயிருந்தாலும், ஹஜ்ரத்தாகவே இருந்தாலும், விசாரணையில் தராசு சாயக் கூடாது. தாபித் (ரலி) அவர்களின் சிறப்பு எதுவும் ஹபீபா (ரலி) அவர்களின் முறையீட்டைக் கேட்பதற்குத் தடையாய் நிற்கவில்லையே!

மீண்டும் மழைக்காலம் வரும். தண்ணீர் ஏறினால் நாம் ஒருவர் கையை ஒருவர் பிடித்து மேட்டுக்கு ஏறுவோம்; அதிலே எனக்குச் சந்தேகமில்லை. மழையில்லாத இரவில் ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து தட்டும்போதும் அதே கை நீள வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை அன்பும் இரக்கமும் நிறைந்த வீடுகளாக ஆக்குவாயாக! அநியாயத்துக்கு ஆளானவர்களுக்கு வழி திறப்பாயாக! அநியாயம் செய்வோரின் கையைத் தடுத்து அவர்களை நேர்வழியில் திருப்புவாயாக! உன் அடியாள் ஒருத்தி எங்கள் வாசலில் வந்து நிற்கும்போது, அவளை வெறுங்கையோடு திருப்பியனுப்பிய பாவத்திலிருந்து எங்களையும் எங்கள் ஜமாஅத்தையும் காப்பாற்றுவாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.